பழைய கொலையும் புதிய ஆய்வகமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பல ஆண்டுகளுக்கு முன் நடந்து துப்புத் துலங்காமல் போன கொலை வழக்குகளை இன்றைய தடய அறிவியலின் துணையோடு வெளிநாடுகளில் மீண்டும் விசாரிப்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதால் இந்த இதழில் வேறு எந்தக் கேள்வியையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஐயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

சாட்சிகள் மறந்திருப்பார்கள், கொலை நடந்த வீடே மாறியிருக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அறிவியலால் புதிதாக என்னதான் கண்டுபிடித்துவிட முடியும்? ஏதேனும் ஒரு வழக்கை முழுமையாகச் சொல்லி விளக்குவீர்களா?
(ஒரு வாசகர், திருச்சி)

ஒரே ஒரு வழக்கைத்தான் சொல்லலாம் என்றால், வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் 1988 பிப்ரவரி 14 அன்று நடந்த லினெட் வைட் கொலையைச் சொல்வேன். துறைமுகத்தை ஒட்டிய பியூட்டவுன் பகுதியில், ஜேம்ஸ் தெருவிலிருந்த ஒரு குடியிருப்பில், பாலியல் தொழில் செய்து பிழைத்துவந்த இருபது வயதுப் பெண் ஒருவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்திக்குத்துக் காயங்களோடு இறந்து கிடந்தார். அந்த நேரத்தில் அவ்வீட்டின் அருகே ரத்தக் கறையோடு கலங்கி நின்ற ஒரு வெள்ளையரைச் சிலர் பார்த்திருந்ததால், அவர்கள் சொன்ன அடையாளங்களைக் கொண்டு வரைந்த முகப்படத்தைக் காவல்துறை வெளியிட்டுத் தேடியது. மாதங்கள் கடந்தும் ஆள் கிடைக்கவில்லை. அதன்பின் விசாரணை வேறு திசையில் திரும்பி, 1988ஆம் ஆண்டு முடிவதற்குள் கறுப்பின, கலப்பினப் பின்னணி கொண்ட ஐந்து பேர்மீது கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது.

அந்த ஐவரில் ஒருவரைக்கூடக் கொலை நடந்த அறையோடு இணைக்கும் தடயம் ஏதும் இல்லை. அவர்களில் யூசுஃப் அப்துல்லாஹி என்பவர் அன்றிரவு பாரி துறைமுகத்தில் ஒரு கப்பலில் வேலை செய்துகொண்டிருந்ததாகக் கூறினார். அதற்குச் சாட்சிகளும் இருந்தார்கள். இறந்த பெண்ணின் காதலரான ஸ்டீபன் மில்லரைக் காவல்துறையினர் ஐந்து நாட்களில் ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் விசாரித்தார்கள். முந்நூறு முறைக்கு மேல் 'நான் செய்யவில்லை' என்று மறுத்தவர், கடைசியில் அவர்கள் கேட்க விரும்பியதைச் சொல்லிவிட்டார். முதல் விசாரணையின் நடுவிலேயே நீதிபதி இறந்துபோனதால் வழக்கு மறுபடியும் தொடக்கத்திலிருந்து நடந்து, 1990 நவம்பரில் மூவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, இருவர் விடுதலையாயினர். 1992 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மில்லரை விசாரித்த ஒலிநாடாக்களைக் கேட்டது. உடல்மீது கைவைக்கவில்லை என்ற ஒன்றைத் தவிர, இதைவிடக் கொடிய மிரட்டலை எண்ணிப்பார்க்க முடியாது என்ற பொருளில் தலைமை நீதிபதி டெய்லர் பிரபு கண்டித்து, மூவரையும் விடுவித்தார். அதோடு வழக்கு மீண்டும் துப்பில்லாத வழக்காகிவிட்டது. விடுதலையான பிறகும் அவர்கள்மீது ஊரின் சந்தேகம் விலகவில்லை. நீதிமன்றம் விசாரணை முறையில்தான் குறை கண்டது, உண்மைக் கொலையாளி யார் என்று அது சொல்லவில்லை அல்லவா?

1999ஆம் ஆண்டை ஒட்டித் தெற்கு வேல்ஸ் காவல்துறை இவ்வழக்கை மறு ஆய்வுக்கு எடுத்தபோது, அறிவியல் பணி ஆஞ்சலா கேலப் என்ற தடயவியல் அறிஞரின் குழுவிடம் சென்றது. கத்தியால் பலமுறை குத்துகிறவரின் கை ரத்தத்தில் வழுக்கித் தன்னையே வெட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது என்பதால், அந்த அறையில் கொலையாளியின் ரத்தமும் சிந்தியிருக்க வேண்டும் என்பது அவர்கள் கொண்ட அனுமானம். பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த பழைய பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, சிகரெட் பெட்டியைச் சுற்றி வரும் செலோபன் தாளின் ஒரு துண்டில் மிகச் சிறிய ரத்தப் புள்ளி அகப்பட்டது. அது இறந்தவருடையதன்று, ஓர் ஆணுடையது, கைதான ஐவரில் எவருக்கும் பொருந்தவில்லை. பெயர் தெரியாத அந்த ஆளுக்கு ஆய்வகத்தில் 'செலோபன் மனிதன்' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு துண்டுத் தாளை மட்டும் நம்பி நீதிமன்றத்துக்குப் போக முடியாது. முன்பு குடியிருந்த யாரோ, வந்துபோன யாரோ விட்டுச்சென்றது என்று சொல்லிவிடலாம். எனவே குழுவினர் அந்த வீட்டுக்கே திரும்பினார்கள். சுவரின் அடியில் தரையோடு ஒட்டி அடிக்கப்பட்டிருந்த மரப்பலகைகள் கொலைக்குப் பின் வண்ணம் பூசப்பட்டிருந்தன. அவற்றைப் பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டியபோது, அடியில் வழிந்து உறைந்திருந்த ரத்தம் வெளிப்பட்டது. அதிலும் அதே செலோபன் மனிதன்! வீட்டைப் புதுப்பிக்க நினைத்து யாரோ பூசிய வண்ணம், பத்தாண்டுகளுக்கு மேல் அந்த ரத்தத்துக்கு மூடியாக இருந்து காத்திருக்கிறது. இந்த வழக்கில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

2002இல் முழுமையான டி.என்.ஏ. விவரம் கைக்கு வந்தும், பிரிட்டனின் தேசிய டி.என்.ஏ. பதிவேட்டில் அதற்குப் பொருந்தும் ஆள் இல்லை. டி.என்.ஏ. விவரம் என்பது குறிப்பிட்ட சில இடங்களில் எடுத்த எண்களின் வரிசை (எப்படி என்று பின்னர் சொல்கிறேன்). அந்த விவரத்தில் ஓர் இடத்தில் மிக அரிதான ஓர் எண் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, முழுப் பொருத்தம் உள்ளவரைத் தேடுவதை விட்டுப் பாதிப் பொருத்தம் உள்ளவர்களை, அதாவது உறவினராக இருக்கக்கூடியவர்களைத் தேடினார்கள். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் விவரம் வியக்கத்தக்க அளவு நெருங்கி வந்தது. கொலை நடந்தபோது அவன் பிறக்கவே இல்லை. ஆகவே அவனுடைய குடும்பத்து ஆண்களிடம் மாதிரி கேட்கப்பட்டது. அவனுடைய சிற்றப்பா முறையினரான ஜெஃப்ரி கஃபூர், காவலாளி வேலை பார்த்துத் தனியே வாழ்ந்துவந்தவர், மறுப்பேதும் சொல்லாமல் மாதிரி கொடுத்தார். பிறகு கடை கடையாகப் போய் வலி மாத்திரைகளை வாங்கிச் சேர்த்தார். அவரைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த காவல்துறையினர் கதவை உடைத்து உள்ளே சென்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கொலையைச் செய்தவர் தாமே என்று போகும் வழியிலேயே ஒப்புக்கொண்டார். 2003 ஜூலை 4 அன்று நீதிமன்றத்திலும் குற்றத்தை ஏற்று ஆயுள் தண்டனை பெற்றார். முப்பது பவுண்டு பணத்தைப் பற்றிய சச்சரவில் கொன்றதாக அவர் சொன்னார்.

நீங்கள் சொன்ன வழக்கில் 'நேரில் பார்த்தோம்' என்று சாட்சி சொன்னவர்கள் இருந்திருப்பார்களே. அவர்கள் என்ன ஆனார்கள்? காவல்துறையினர்மீது நடவடிக்கை உண்டா?
(ஒரு வாசகி, மதுரை)

இருந்தார்கள். கொலையைக் கண்ணால் கண்டதாகவும், கொலையாளிகளைப் பார்த்ததாகவும் விரிவாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். கஃபூர் தனியாளாகக் கொன்றவர் என்று தெரிந்த அன்றே அவர்கள் சொன்னது முழுவதும் கற்பனை என்பது உறுதியாயிற்று. 2008இல் அவர்களில் மூவர் பொய்ச்சாட்சி சொன்ன குற்றத்துக்காகத் தலா பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள். காவல்துறையினரின் ஓயாத நெருக்குதலால்தான் அவர்கள் பொய் சொன்னார்கள் என்பதைத் தண்டித்த நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. எளிய மனிதர்கள் சிறை சென்றார்கள்.

முன்னாள் காவலர் எட்டுப் பேர்மீதான வழக்கு 2011இல் ஸ்வான்சியில் விசாரணைக்கு வந்தது. முக்கியமான ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டதால், நேர்மையான விசாரணை இயலாது என்று டிசம்பரில் வழக்கு கைவிடப்பட்டு, எட்டுப் பேரும் விடுவிக்கப்பட்டார்கள். அடுத்த சில வாரங்களில் அந்த ஆவணங்கள் காவல்துறையிடமே பெட்டிகளில் பத்திரமாக இருந்தது தெரியவந்தது. வேண்டுமென்றே மறைத்ததற்குச் சான்றில்லை, மனிதப் பிழையே காரணம் என்று பின்னர் நடந்த விசாரணைகள் கூறின. சட்டப்படி அந்த எண்மர் குற்றமற்றவர்களே. பத்தாண்டுகளுக்கு மேல் பூச்சுக்கு அடியில் கிடந்த ரத்தத்தைத் தேடி எடுக்க முடிந்த ஒரு துறைக்குத் தன் அறையிலிருந்த பெட்டியைத் தேடி எடுக்க முடியவில்லை என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன். அப்துல்லாஹி 2011இன் தொடக்கத்திலேயே, ஐம்பது வயது நிறையும் முன் இறந்துவிட்டார்.

டி.என்.ஏ. ஆய்வு 1988இலேயே இருந்ததல்லவா? அப்போது முடியாதது பின்னர் எப்படி முடிந்தது?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

இருந்தது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் கண்டறிந்த முறையைக் கொண்டு, அந்நகரை அடுத்த சிற்றூர்களில் இரு சிறுமியரைக் கொன்ற காலின் பிட்ச்ஃபோர்க் தண்டனை பெற்றது 1988 ஜனவரி 22 அன்று. அதாவது கார்டிஃப் கொலைக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு. அந்த முதல் வழக்கிலும் டி.என்.ஏ. முதலில் செய்த காரியம், ஒரு கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டிருந்த அப்பாவி இளைஞன் ஒருவனை விடுவித்ததுதான்.

ஆனால் அன்றைய முறைக்கு நாணயம் அளவு ரத்தக் கறை தேவைப்பட்டது, டி.என்.ஏ. இழை நீளமாகவும் சிதையாமலும் இருக்க வேண்டியிருந்தது. பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, பி.சி.ஆர். எனப்படும் முறையால் மிகச் சிறிய அளவு டி.என்.ஏ.வையும் ஆய்வகத்திலேயே திரும்பத் திரும்பப் படியெடுத்துக் கோடிக்கணக்காகப் பெருக்க முடிந்தது. இரண்டாவது, நீண்ட இழைகளை ஒப்பிடுவதை விட்டு, நான்கைந்து எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகளை இப்படிச் சொல்வது வழக்கம்) கொண்ட சிறு தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் எண்ணிப் பார்த்தார்கள். பழைய கறையில் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்திருக்கும். நீண்ட பகுதி முழுதாகக் கிடைப்பதரிது. கறையான் அரித்த ஓலைச்சுவடியில் பாடல் முழுதாகக் கிடைக்காவிட்டாலும் சீர்கள் சில கிடைப்பதுபோல, குறுகிய பகுதிகள் தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. 1999இல் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட 'எஸ்.ஜி.எம். பிளஸ்' என்ற முறை இப்படிப் பத்து இடங்களையும், ஆணா பெண்ணா என்று காட்டும் ஓர் இடத்தையும் பார்த்தது. பத்தும் முழுமையாகக் கிடைத்தால், உறவில்லாத இருவருக்கு அவை தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு நூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. செலோபன் தாளில் இருந்த புள்ளி 1988இல் ஆய்வுக்குப் போதியதன்று. அதுவே பின்னர் தாராளமாகப் போதியதாயிற்று.

டி.என்.ஏ.வுக்குப் பகை ஈரமும் வெப்பமும் நுண்ணுயிர்களும் வெயிலும். நன்றாக உலர்ந்த ரத்தம் காகித உறையில் பல பத்தாண்டுகள் இருக்கும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துச் சில நாட்களிலேயே கெடத் தொடங்கும். ரத்தம் தோய்ந்த ஆடையை உலரவிட்டுக் காகிதத்தில் பொதிந்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

குற்றவாளியோ அவருடைய உறவினரோ காவல்துறைப் பதிவேட்டில் இல்லையென்றால் என்ன செய்வார்கள்?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

உறவு வழியாகத் தேடும் முறையைத் தெற்கு வேல்ஸ் காவல்துறை கஃபூரைப் பிடிப்பதற்குச் சற்று முன்பே வேறொரு வழக்கில் கையாண்டிருந்தது. 1973இல் ஸ்வான்சி, நீத் பகுதிகளில் பதினாறு வயதுச் சிறுமியர் மூவரைக் கொன்றவரின் டி.என்.ஏ., வேறு சிறு குற்றத்துக்காகப் பதிவேட்டில் ஏறியிருந்த ஒருவரின் விவரத்தோடு பாதி ஒத்தது. அவருடைய தந்தை ஜோசஃப் கப்பன் 1990இலேயே இறந்துவிட்டிருந்தார். 2002இல் கல்லறையைத் தோண்டி மாதிரி எடுத்து, அவரே கொலையாளி என்று உறுதி செய்தார்கள். தண்டிக்க ஆளில்லை.

உங்கள் கேள்விக்கு முழுமையான விடை கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. 1970களின் நடுவிலிருந்து 1986 வரை பதின்மூன்று கொலைகளையும் ஏராளமான பாலியல் வன்கொடுமைகளையும் செய்த ஒருவரின் டி.என்.ஏ. காவல்துறையிடம் இருந்தும் எந்தப் பதிவேட்டிலும் அவர் இல்லை. தங்கள் முன்னோரைத் தேடும் பொதுமக்கள் தாமாகவே தங்கள் டி.என்.ஏ. விவரங்களை ஏற்றிவைக்கும் 'ஜெட்மேட்ச்' என்ற தளத்தில் அந்த விவரத்தை ஏற்றிப் பார்த்தார்கள். மேலே சொன்ன பத்துப் பதினைந்து இடங்கள் இதற்குப் போதா. மரபணுத் தொகுப்பெங்கும் பரவிய லட்சக்கணக்கான ஒற்றை எழுத்து வேறுபாடுகளைப் பார்க்க வேண்டும். பொருந்தி வந்தவர்கள் கொள்ளுப்பாட்டனுக்கும் மேலே ஒரு தலைமுறையில் கிளை பிரிந்த தூரத்துச் சொந்தங்கள். பார்பரா ரே-வென்டர் என்ற மரபுவழி ஆய்வாளரின் துணையோடு அங்கிருந்து கீழ்நோக்கிக் குடும்ப மரத்தை வரைந்து, வயது, பால், வாழ்ந்த ஊர் ஆகியவற்றால் வடிகட்டி, ஜோசஃப் ஜேம்ஸ் டிஆஞ்சலோ என்ற முன்னாள் காவலரிடம் வந்து சேர்ந்தார்கள். அவருடைய கார்க் கதவின் கைப்பிடியிலிருந்தும், அவர் தூக்கி எறிந்த காகிதக் கைக்குட்டையிலிருந்தும் மாதிரி எடுத்து நேரடியாக ஒப்பிட்ட பிறகுதான் 2018 ஏப்ரல் 24 அன்று கைது செய்தார்கள். 2020இல் குற்றங்களை ஒப்புக்கொண்ட அவர், பரோலில் வெளிவர வழியில்லாத ஆயுள் தண்டனை பெற்றார்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் உங்கள் டி.என்.ஏ.வை ஒரு தளத்தில் ஏற்றினால், நீங்கள் பார்த்தே இராத சொந்தக்காரர் ஒருவரையும் சேர்த்து ஏற்றியவராகிறீர்கள். அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. இந்த எதிர்ப்பு வலுத்ததால், விருப்பம் தெரிவித்தவர்களின் விவரங்களை மட்டுமே காவல்துறைத் தேடலுக்குத் தருவது என்று 2019இல் அத்தளம் விதியை மாற்றிக்கொண்டது. கொலை போன்ற கொடுங்குற்றங்களுக்கு மட்டும், நீதிமன்ற அனுமதியோடு இந்த வழியைத் திறந்துவைக்கலாம் என்பது என் கருத்து. நாளை இது சிறு திருட்டுக்கும் அரசியல் போராட்டத்துக்கும் நீண்டால் அதைத் தடுக்கும் சட்டம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

டி.என்.ஏ. பொருந்திவிட்டால் வழக்கு முடிந்ததுதானே? பிறகு எதற்கு இவ்வளவு வாதங்கள்?
(வழக்குரைஞர் ஒருவர், சேலம்)

நீங்களே இப்படிக் கேட்பது சற்று வியப்பாக இருக்கிறது. இந்த உயிர்ப்பொருள் இன்னாருடையது என்பதோடு டி.என்.ஏ.வின் சாட்சியம் முடிந்துவிடுகிறது. அது அங்கே எப்போது வந்தது, எப்படி வந்தது என்பதை வேறு சான்றுகள்தான் சொல்ல வேண்டும். கார்டிஃப் வழக்கில் கஃபூரின் ரத்தம் தாளில் மட்டும் இருந்திருந்தால் வாதம் நீண்டிருக்கும். பலகையில் வழிந்திருந்ததும், அவருடைய ஒப்புதலும்தான் அதை அடைத்தன.

ஜெர்மனியின் ஹைல்ப்ரான் நகரில் 2007 ஏப்ரலில் பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ., 1993 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் நாற்பது குற்ற இடங்களில் கிடைத்த டி.என்.ஏ.வோடு பொருந்தியது. கொலை, கொள்ளை, பள்ளிக்கூடத்தில் சிறு திருட்டு என ஒன்றோடொன்று ஒட்டாத குற்றங்கள். அக்குற்றங்களில் பிடிபட்ட மற்றவர்கள் எவரும் அப்படியொரு பெண்ணைக் கண்டதேயில்லை என்றார்கள். கடைசியில், எரிந்துபோன ஓர் ஆணின் அடையாள ஆவணங்களிலும் அந்தப் பெண்ணே 'இருந்தபோது' 2009இல் உண்மை வெளிப்பட்டது: மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளைப் பொதிந்த தொழிற்சாலைப் பணியாளர் ஒருவரின் டி.என்.ஏ. அது. அந்தக் குச்சிகளில் கிருமி நீக்கியிருந்தார்கள். ஆனால் கிருமியைக் கொல்வதால் டி.என்.ஏ. அழிந்துவிடுவதில்லை. பெண் காவலரின் உண்மைக் கொலையாளிகளாக நவ நாஜிக் கும்பல் ஒன்று 2011இல் அடையாளம் காணப்பட்டது. எரிந்த வாகனம் ஒன்றில் அக்காவலரின் துப்பாக்கி கிடைத்ததே அதற்கு வழிகாட்டியது.

வேறிடத்து டி.என்.ஏ. இப்படி வந்து கலந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது என்பதால்தான் லண்டனில் 1993இல் இனவெறியால் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கில் வாதம் முழுவதும் பொட்டலங்களைப் பற்றியே நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரின் மேற்சட்டைக் காலரில், நீளம் அரை மில்லிமீட்டரும் அகலம் அதில் பாதியும் கொண்ட ஒரு ரத்தப் புள்ளியை, கார்டிஃப் வழக்கில் பணியாற்றிய அதே ஆஞ்சலா கேலப்பின் குழு பின்னர் கண்டெடுத்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்திருந்ததால் இறந்தவரின் ஆடையிலிருந்து உலர்ந்த துகள் உதிர்ந்து இங்கே ஒட்டியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. ஒவ்வொரு உறையும் எப்போது, யாரால் திறக்கப்பட்டது என்ற பதிவுகளை வரிவரியாகப் பரிசோதித்து, அந்தப் புள்ளி ரத்தம் ஈரமாக இருந்தபோதே நூலிழைகளுக்குள் ஊறியது என்று செய்து காட்டிய பின்னர்தான் நடுவர் குழு ஏற்றுக்கொண்டது. பழைய வழக்குகளில் எதிர்த்தரப்பு முதலில் குறிவைப்பது சான்றுப்பொருள் கைமாறிய வரலாற்றைத்தான், குறிவைக்கவும் வேண்டும்.

லாரன்ஸ் வழக்கில் ஒருவர் முன்பே விடுதலையானவர் என்று படித்தேன். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கலாமா?
(ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

நீங்கள் படித்தது சரி. கேரி டாப்சன் 1996இல் விடுவிக்கப்பட்டவர். கொலை போன்ற பெருங்குற்றங்களில் புதிய, வலுவான சான்று கிடைத்தால் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதியோடு மறுபடி விசாரிக்கலாம் என்று இங்கிலாந்தும் வேல்ஸும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பழைய விதியைத் தளர்த்தின. 2005 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி 2012 ஜனவரியில் டாப்சனும் டேவிட் நாரிஸும் தண்டிக்கப்பட்டார்கள். இந்தியாவில் அந்தக் கதவு மூடியே இருக்கிறது. ஒரே குற்றத்துக்காக ஒருவரை இருமுறை வழக்குக்கு உட்படுத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(2)ஆவது பிரிவு. விடுதலையானவருக்கும் அந்தக் காப்பைப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் தந்தது, அதன் இடத்தில் 2024இல் வந்த புதிய சட்டமும் தருகிறது. விடுதலைத் தீர்ப்பை மேல்முறையீட்டில்தான் எதிர்க்க முடியும்.

லண்டனின் 'ஜாக் த ரிப்பர்' யாரென்று ஒரு சால்வையின் டி.என்.ஏ.வால் கண்டுபிடித்துவிட்டதாக அடிக்கடி செய்தி வருகிறதே, உண்மையா?
(ஒரு வாசகர், புதுச்சேரி)

நம்ப வேண்டாம். 'ஜாக் த ரிப்பர்' என்பது 1888இல் லண்டனில் பெண்களைக் கொன்று, கடைசிவரை அகப்படாத ஓர் ஆளுக்கு வைத்த பெயர். அவ்வாண்டில் அப்படிக் கொலையான கேதரின் எடோஸின் உடலருகே கிடந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சால்வை, காவல்துறை எழுதிவைத்த பொருள் பட்டியலில் இல்லை. நூறாண்டுகளுக்கு மேல் பலர் கையில் புழங்கி, 2007இல் ஏலத்தில் விற்கப்பட்டது. அதில் பார்த்தது தாய்வழி வரும் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ.; அதை ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துகொள்வதால் ஒருவரை விலக்க உதவுமேயன்றிச் சுட்டிக்காட்ட உதவாது. 2014இல் 'மிக அரிதானது' என்று கூறப்பட்ட மாற்றம், டி.என்.ஏ.வில் அது இருக்கும் இடத்தின் எண்ணைத் தவறாகக் குறித்ததால் அரிதாகத் தோன்றியது. சரியான எண்ணில் பார்த்தால் ஐரோப்பியரில் பெரும்பாலோருக்கு உள்ளது.

எங்கள் உறவினர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் கொலையுண்டார். குற்றவாளி அகப்படவில்லை, வழக்கை மூடிவிட்டார்கள். நம் நாட்டில் இப்போது மறு ஆய்வு கேட்க முடியுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்)

முடியும். கொலைக் குற்றத்துக்குக் கால வரம்பு கிடையாது. இறுதி அறிக்கை தாக்கல் செய்த பிறகும் மேல் விசாரணை நடத்தலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(8)ஆவது பிரிவு சொன்னது. அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 193(9)ஆவது பிரிவிலும் அது தொடர்கிறது. ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நேரில் சென்று தடயம் சேகரிக்க வேண்டும் என்கிற புதிய விதி, இனி நடக்கும் கொலைகளுக்கு உதவுமேயன்றி உங்கள் வழக்குக்கு உதவாது.

பிரிட்டனைப்போலத் தேசிய டி.என்.ஏ. பதிவேடு நம்மிடம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்காக 2019இல் மக்களவையில் கொண்டுவந்த சட்டமுன்வரைவை 2023இல் அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே கறையிலிருந்து டி.என்.ஏ. கிடைத்தாலும், ஒப்பிட்டுப் பார்க்கச் சந்தேகத்துக்குரிய ஓர் ஆள் வேண்டும். அன்றைய விசாரணையில் யார் யார்மீது சந்தேகம் இருந்தது, யாரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள் என்பது உங்கள் குடும்பத்தாருக்கு நினைவிருந்தால் எழுதி வையுங்கள்.

இதையெல்லாம்விட முதன்மையானது சான்றுப்பொருள். நம் நீதிமன்றத் தீர்ப்புகளின் கடைசிப் பத்தியில், மதிப்பில்லாத சான்றுப்பொருட்களை மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்ற வரி வழக்கமாக இடம்பெறுவதை வழக்காடியவர்கள் அறிவார்கள். ரத்தம் படிந்த வேட்டியும் சட்டையும் சந்தை விலையில் மதிப்பில்லாதவைதாம். ஆளே அகப்படாத உங்கள் வழக்கு தீர்ப்பு வரை செல்லவில்லை என்பதால், அப்பொருட்கள் இன்னும் காவல் நிலையத்திலோ, நீதிமன்றச் சொத்து அறையிலோ, தடய அறிவியல் துறையின் ஆய்வகத்திலோ இருக்க வாய்ப்புண்டு.

ஆகவே முதல் மனுவில் மறுவிசாரணை கேட்பதற்கு முன், முதல் தகவல் அறிக்கை எண்ணையும் ஆண்டையும் குறிப்பிட்டு, எந்தெந்தப் பொருட்கள் கைப்பற்றப்பட்டன, அவை இப்போது யார் பொறுப்பில் உள்ளன, ஆய்வகத்துக்கு அனுப்பியவை திரும்பி வந்தனவா, அழிக்க உத்தரவு ஏதேனும் பிறப்பிக்கப்பட்டதா என்று மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும், வழக்கு எந்த நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் மூடப்பட்டதோ அங்கும் எழுத்து மூலம் கேளுங்கள். அழிக்காமல் நிறுத்திவைக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே மனுவில் சேர்த்து, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். பொருள் இருக்கிறது என்ற பதில் வந்த பிறகு, மேல் விசாரணைக்கோ, வழக்கைக் குற்றப் பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு (சி.பி.சி.ஐ.டி.) மாற்றுவதற்கோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகலாம். வழக்குரைஞரை அமர்த்த வசதியில்லையெனில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.